விரல் அளவு கேரட்

போன வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் பேண்ட் சா என்கிற மெஷினைத் தவிர வேறு பேச்சு இல்லை. காலையில் காபியோடு தொடங்கும். போர்வைக்குள் போன பிறகும் ஓயாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் பிரசங்கம் செய்யும்போது என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். மனிதர் பாட்டுப் புத்தகத்துக்குள் போனை வைத்து மெஷின் படம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்னங்க, அதை உள்ள வைங்க. சாமிக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு ரம்பத்தைப் பாக்கிறீங்களே" என்று முழங்கையால் இடித்தேன்.

"ஆண்டவரே தச்சர் வீட்டுப் பிள்ளைதான், சிஸ்டர். கோவிச்சுக்க மாட்டாரு" என்றார்.

நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். என்னைச் சீண்ட வேண்டும் என்று தோன்றினால் இவரும் அப்படித்தான் கூப்பிடுவார். இவர் கொடைக்கானலிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எனக்கு முன்னாலேயே ரிட்டயர் ஆகிவிட்டார்.

பேண்ட் சா என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் முதலில் தெரியாது. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கூடு. அதற்குள் மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றி பெல்ட் மாதிரி ஒரு ரம்ப பிளேடு. நடுவில் ஒரு மேசை. பிளேடு மேசையைத் துளைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே இருக்கும். நாம் மரத்தை அதன் மேல் தள்ள வேண்டும். கட்டையைப் பலகையாகப் பிளக்கலாம், வேண்டிய வளைவில் அறுக்கலாம். தள்ளுவது கை, அதற்கு எதிரே பல். என் பிரச்சினை அந்த இடத்தில்தான்.

மர மில்லில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விரலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார்கள். பதற்றத்தில் அதை எடுத்துவர மறந்துவிட்டு வந்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட கைகளுக்குக் கட்டுப் போட்டவளிடம் வந்து, "ஒரு நல்ல பேண்ட் சா வாங்கலாம்னு இருக்கேன்" என்று காபி டம்ளரை உருட்டிக்கொண்டு சொன்னால் எப்படி இருக்கும்?

ஆனால் ஒரேயடியாக வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. ரிட்டயர் ஆன புதிதில் இவர் இருந்த இருப்பு எனக்கு மறக்கவில்லை. மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், போவார். மனிதர் இப்படியே உட்கார்ந்து தேய்ந்துவிடுவாரோ என்று உள்ளுக்குள் பயந்தேன். அந்தச் சமயத்தில் கொல்லையில் நின்ற பெரிய பேரிக்காய் மரம் ஒரு காற்று மழையில் சாய்ந்தது. அதில் ஒரு கிளையைக் கைரம்பத்தால் அறுத்து ஒரு ஸ்டூல் செய்தார். அது ஒரு பக்கம் ஆடியது. இருந்தாலும் அன்றைக்குத்தான் மறுபடி பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தார்.

அதிலிருந்து வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டகை பட்டறையானது. உட்கார ஆளில்லாத அளவுக்கு ஸ்டூல்கள் சேர்ந்தன. பேரி மரத்தின் அடிக்கட்டை மட்டும் தார்ப்பாய்க்குக் கீழே காய்ந்து கிடந்தது. அதைப் பலகையாகப் பிளக்கக் கைரம்பத்தால் ஆகாது. மெஷின் வேண்டாம் என்றால் மறுபடி டிவி. வேண்டும் என்றால் விரல். இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

கடைசியில் ஒரு நாள் சொன்னேன், "வாங்குறதுன்னா நானும் கூட வருவேன். நான் சரிங்கிற மெஷினைத்தான் வாங்கணும்."

"உனக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்?"

"விரலைப் பத்தித் தெரியும்."

முதலில் போனது மன்னவனூருக்கு. அங்கே ஒரு விவசாயி, காய்கறிப் பெட்டி செய்து விற்கலாம் என்று ஒரு பேண்ட் சா வாங்கிப் போட்டு, பெட்டியும் செய்யாமல் மெஷினையும் பார்க்காமல் விட்டிருந்தார். பழசு, ஆனால் நல்ல கம்பெனி என்று இவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அதற்காக வெள்ளனே எழுந்து, பல் தந்தியடிக்க முதல் பஸ்ஸில் போனோம்.

கொட்டகையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே மெஷின் நின்றது. அதன் தலையில் ஒரு ஜெர்கினைக் காயப் போட்டிருந்தார்கள். மேசை முழுக்கச் செக்கச்செவேலென்று துரு. எங்கள் ஊர் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து போகிற மேகம். இரும்பை ஒரு மாசம் துடைக்காமல் விட்டால் அவ்வளவுதான்.

"ஆறு மாசமா ஓடலைங்க சார். மத்தபடி மோட்டார் நல்லாத்தான் கெடக்கு. போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்" என்று அந்த மனிதர் சுவிட்சைப் போட்டார்.

பிச்சுக்கொண்டுதான் போனது. கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. இவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து மேசையில் செங்குத்தாக நிறுத்தப் பார்த்தார். மெஷின் ஓடும்போது நாணயம் விழாமல் நின்றால் சக்கரங்கள் சரியாக இருக்கின்றன என்று அர்த்தமாம். போனில் பார்த்துப் படித்தது. இவர் கையை எடுக்கும் முன்பே நாணயம் உருண்டு மூட்டைக்கு அடியில் போய்விட்டது.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. சுவிட்சை அணைத்த பிறகும் பிளேடு ஓடிக்கொண்டே இருந்தது. அந்த மனிதர் உருளைக்கிழங்கு விலை படுத்துவிட்டதைப் பற்றி ஆதியோடந்தமாகப் புலம்பினார். புலம்பல் முடிந்தது, பிளேடு நிற்கவில்லை. சத்தம் குறைந்துவிட்டதால் ஓடுகிறதென்றே தெரியாது. வாசலில் மண்ணோடு கேரட் குவித்துப் போட்டிருந்தார்கள். ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, ஒரு நீளக் குச்சியால் பிளேடு பக்கம் தள்ளினேன். சத்தமே இல்லாமல் இரண்டு துண்டானது.

"அணைச்ச மெஷின்தான இது?" என்றேன்.

"அணைச்சாச்சும்மா. அது தானா நின்னாத்தான் உண்டு. வெரசா நிப்பாட்டுறதுக்கெல்லாம் இதுல ஒண்ணும் கெடையாது."

இரண்டு துண்டையும் எடுத்து இவர் கையில் கொடுத்தேன். "போலாம்" என்றேன்.

பஸ்ஸில் பூம்பாறை வரை இவர் அந்தக் கேரட் துண்டுகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அதற்கு மேல் இவரால் அடக்க முடியவில்லை. "நல்ல மோட்டாரு. துருவைத் தேச்சா போயிரும். நாம மெஷின் வாங்கப் போனமா, பொரியல் பண்ணப் போனமா?"

"துரு தேச்சாப் போயிரும். விரலு தேச்சா வளருமா?"

அதற்குப் பிறகு எந்த மெஷினைப் பார்க்கப் போனாலும் இவர் சட்டைப்பையில் நாணயம், என் கைப்பையில் கேரட் என்று ஆகிவிட்டது. எனக்கு இரண்டே பரிட்சைதான். அணைத்தால் எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது என்பது ஒன்று. பிளேடை மூடுகிற தடுப்பை மரத்தின் உயரத்துக்கு இறக்கிய பிறகு, தடுப்புக்கும் மரத்துக்கும் நடுவில் கேரட் நுழைகிறதா என்பது இன்னொன்று. கேரட் நுழைகிற இடத்தில் விரலும் நுழையும்.

கேரட்டையும் சும்மா எடுத்துவிட முடியாதே. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இவரை நிறுத்தி, கையைப் பிடித்து விரலோடு கேரட்டை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள். "என்னக்கா, சாருக்கு மோதிரத்துக்கு அளவெடுக்கிறீங்களா?"

இவர் விரல்கள் ஐஸாக இருந்தன. தை மாசம். அந்த மாசத்தில் கொடைக்கானலில் யார் விரல்தான் சூடாக இருக்கிறது? மழைக்காலத்திலிருந்தே "விரல் விறைச்சுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சட்டைப் பட்டன் போட முடியவில்லை என்று தலை வழியாக மாட்டுகிற ஸ்வெட்டருக்கு மாறியிருந்தார். கையிலிருந்து டம்ளர் நழுவினால், "என்னா குளிரு" என்பார். பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், சர்ச்சில் மணியடிப்பவர் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். நான் கம்பளிக் கையுறை பின்னிக் கொடுத்தேன்.

இதற்கிடையில் ஊரெல்லாம் எங்களுக்கு யோசனை சொன்னது. பக்கத்தில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர், சத்தம் கேட்டால் அவருடைய டூரிஸ்டுகள் ஓடிவிடுவார்கள் என்றார். அவருடைய டூரிஸ்டுகள் போடுகிற பாட்டுச் சத்தத்தில் எங்கள் கூரை போகாமல் இருப்பதே பெரிய விஷயம். ஹார்டுவேர் கடைக்காரர், சீசனில் எல்லா ஹோட்டலிலும் கீசர் போட்டால் வோல்டேஜ் விழுந்துவிடும், அதனால் சின்ன மெஷினே போதும் என்றார். சின்ன மெஷினில் கட்டையைப் பிளக்க முடியாது என்று இவர் அவருக்குப் பேப்பரில் படம் போட்டுப் பாடம் நடத்தினார். நான் வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கால் வலித்தது.

பங்குனியில் மதுரைக்குப் போய் ஒரு முடிவு பண்ணிவிடுவது என்று கிளம்பினோம். மலையிலிருந்து இறங்குகிற ஜனம் வத்தலக்குண்டு வந்ததும் செய்கிற வேலையை நாங்களும் செய்தோம். ஸ்வெட்டர், குல்லா, கையுறை எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் திணித்தோம். இவர் ஸ்வெட்டருக்குள் போட்டிருந்தது பட்டன் இல்லாத டீ ஷர்ட். வாத்தியார் வேலை பார்த்த காலத்தில் ஒரு நாளும் அப்படி வெளியே வந்தவர் இல்லை. அதையும் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மதுரையில் முதல் கடை மெஷினின் மேசை அலுமினியம். தொட்டாலே ஆடியது. கேரட்டைப் பார்த்ததும் கடைக்காரர் பதறிவிட்டார். "அம்மா, காய்கறி நறுக்குறதுக்கெல்லாம் இதுல கேரண்டி கெடையாதும்மா." இன்னொரு கடையில் நாணயம் நின்றது, கேரட் தப்பவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. இவர் சோர்வதாகத் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன சமயத்தில்கூட இந்த மனிதர் இவ்வளவு உற்சாகமாக அலைந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாகப் போன கடையில்தான் அது இருந்தது. பச்சை நிறம். கனத்த வார்ப்பிரும்பு மேசை. கீழே காலால் மிதிக்க ஒரு பிரேக். கடைக்காரர் ஓடவிட்டார். இவர் நாணயத்தை நிறுத்தினார். அது அப்படியே நின்றது. அணைக்கச் சொல்லிப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். உடனே பிளேடு நின்றது. கேரட்டைத் தள்ளினேன். தோல்கூடச் சீவவில்லை. தடுப்பை இறக்கி மறுபடி தள்ளினேன். கேரட் நுழையவில்லை.

"சிஸ்டர், பாஸா?" என்றார் இவர். முகமெல்லாம் சிரிப்பு.

"பாஸ்" என்றேன். எனக்கும் உள்ளே சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு வருஷத்து அக்கப்போர் முடிந்தது என்று நினைத்தேன்.

கடைக்காரர் ஒரு கட்டையை வைத்து மெல்லிசாக ஒரு பலகையை அறுத்து இவரிடம் நீட்டினார். "தடவிப் பாருங்க சார், அறுப்பு எப்படின்னு."

இவர் பலகையின் ஓரமாகக் கையை ஓட்டினார். "வெண்ணெயா இருக்கு" என்றார். சொல்லிக்கொண்டே மறுபடி தடவினார். கடைக்காரரிடம் பிளேடு எங்கே கிடைக்கும், மலைக்கு லாரி வருமா என்று கேட்டுக்கொண்டே தடவினார். அவர் விரல் போன வழியில் பலகையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்துகொண்டிருந்தது. முதலில் பென்சில் கோடு என்றுதான் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால், ஆள்காட்டி விரல் நுனியில் தீக்குச்சிப் பருமனுக்கு ஒரு மரச் சிராய் ஏறி நின்றது. இவர் அதோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கையை எடுங்க."

பலகையைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். ஐயோ என்று கையை உதறியிருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. இவர் என்னைப் பார்த்தார், பரிட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி.

"குளிர்ல..." என்று தொடங்கி அப்படியே நிறுத்திவிட்டார். தலைக்கு மேல் மின்விசிறி அனல் காற்றை இறைத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் வழிகிற வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

சிராயைப் பிடுங்கினேன். அதற்கும் முகம் சுளிக்கவில்லை. அப்புறம் வருகிறோம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு இவரை இழுத்துக்கொண்டு எதிரே இருந்த ஜூஸ் கடைக்குப் போனேன். சர்க்கரை போடாமல் இரண்டு சாத்துக்குடி சொன்னேன். இவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. வருஷக்கணக்காக மாத்திரை போடுகிறார்.

"கண்ணை மூடுங்க" என்றேன்.

"கடையில வச்சா?"

"மூடுங்க. கையை நீட்டுங்க. தொட்டாச் சொல்லுங்க."

உறிஞ்சுகுழலின் முனையால் இவர் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஒரு கை முடிந்தது. அடுத்த கையும் முடிந்தது. இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒழுங்காகப் பதில் சொல்லிவிட வேண்டும் என்பது போலக் காத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் தொடலையா?" என்று கேட்டார்.

குழலைக் கிளாஸில் போட்டேன். அங்கேயே இவரை நாலு அறை அறையலாம் போல வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எதை முதலில் செய்வதென்று தெரியாமல் ஜூஸைக் குடித்தேன்.

"எப்ப இருந்து?"

"மழைக்காலத்துல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா வாங்கவிட மாட்ட." விரலைத் துடைத்துக்கொண்டே, "குளிருன்னு எல்லாரும் சொன்னாங்க. நீயும் சொன்ன. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

எனக்குக் கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. விரலுக்குப் பதிலாகக் கேரட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவள் நான். சந்தையில் அந்த விரலைப் பிடித்து நிறுத்தி அளவும் எடுத்தேன். நர்ஸ் வேறு.

அன்று சாயங்காலமே ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொன்னார். எங்கள் ஊரில் சாக்ஸ் போடாமல் யார் நடக்கிறார்கள்? இவர் பாதத்தை நான் வெளிச்சத்தில் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்றோ. குதிகாலில் காசளவுக்கு ஒரு தீக்காயத் தழும்பு இருந்தது. கணப்புக்குப் பக்கத்தில் குளிர் காய்ந்தபோது பட்டிருக்க வேண்டும். எப்போது என்று இவருக்கே தெரியவில்லை. சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறது என்றார் டாக்டர். இனிமேல் ஒழுங்காக இருந்தால் மேலே பரவாமல் தடுக்கலாம், போனது திரும்பி வரும் என்று நம்பக்கூடாது என்றார். ஓடுகிற மெஷின் பக்கம் கையைக் கொண்டுபோகவே கூடாது என்றும் சொன்னார்.

மலைக்குத் திரும்பி வந்தோம். பேண்ட் சா பேச்சு அத்தோடு நின்றது.

இந்த நிம்மதிக்காகத்தானே ஒரு வருஷம் தவித்தேன்? வந்த பிறகு அதைச் சகிக்க முடியவில்லை. இவர் கொட்டகையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொண்டார். தினமும் பாதத்தைக் காட்டச் சொன்னேன், காட்டினார். நடக்கச் சொன்னால் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்தார். எதற்கும் மறுபேச்சு இல்லை. மீதி நேரம் குல்லாவை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் பார்த்தேன், டிவியில் ஏதோ கோளாறு, திரை வெறும் நீலமாக இருந்தது. இவர் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகையைத் திறந்தேன். பேரிக் கட்டை தார்ப்பாய்க்குக் கீழே அப்படியே கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்து மதுரைக் கடைக்குப் போன் போட்டேன்.

"அந்தக் கேரட் வச்சுப் பாத்தோம்ல, நான்தான் பேசுறேன்."

"சொல்லுங்கம்மா! மறக்க முடியுமா?"

"அந்த மெஷின்ல மேசை எவ்வளவு உயரம்? பிரேக்கை மிதிக்க ரொம்ப பலம் வேணுமா? நான் கொஞ்சம் குட்டை."

"நீங்களா ஓட்டப் போறீங்க?"

"ஆமா."

என் உயரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, காலுக்குக் கீழே ஒரு பலகை போட்டு நின்றால் சரியாக இருக்கும் என்றார்.

மெஷினைக் கொண்டுவந்த லாரிக்காரர் எங்கள் சந்துக்குள் வண்டி வராது என்று சொல்லி மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். மெஷினை வீட்டுக்குக் கொண்டுவர, கேரட் மூட்டை ஏற்றுகிற ஜீப்பையும் நாலு சுமைக்காரர்களையும் நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். சத்தம் கேட்டு இவர் வெளியே வந்தார்.

"யாரு ஓட்டப் போறது இதை?"

"நான்தான்."

"உனக்கு ஒரு நேர்கோடு போடத் தெரியாதே."

"அதுக்குத்தான் கணக்கு வாத்தியார் கெடக்கிறாரே. கோடு போடுங்க. அந்தச் சோலியை மட்டும் பாருங்க."

தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தேன். மெஷின் ஓடும்போது இவர் அதைத் தாண்டக்கூடாது, இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இதுதான் சட்டம். சட்டத்தை மீறவில்லை. ஆனால் வாய்க்கு நான் சட்டம் போடவில்லை, அதுதான் தப்பாகப் போயிற்று. துரு ஏறாமல் இருக்க மேசைக்கு மெழுகு தேய்க்கச் சொன்னார். சர்ச்சில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்திகளை வாங்கிவந்து தேய்த்தேன். இப்படித் தேய்க்கக்கூடாது, அப்படித் தேய்க்க வேண்டும் என்றார். பிளேடை இறுக்கியது போதாது என்றார், அப்புறம் அதிகம் என்றார். வேண்டாத கட்டைகளை வைத்துப் பழகினேன். "வலது! வலது! வலதுன்னா அந்தப் பக்கமா?" என்று வகுப்பில் கத்துவது போலக் கத்தினார். ஒரு நாள் மெஷினை அணைத்து, ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டு, "வேற நர்ஸைப் பாத்துக்கங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். ஹோம்ஸ்டேக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, ஏதாவது பிரச்சினையா என்று இவரிடம் கேட்டாராம்.

போன வாரம்தான் பேரிக் கட்டையில் கை வைத்தோம். இரண்டு நாள் அளந்து கோடு போட்டிருந்தார். நான் கால் பலகை மேல் ஏறி நின்று, கட்டையை மெதுவாகத் தள்ளினேன். கொட்டகை முழுக்கப் புது வாசனை. இவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் வாயைத் திறக்காமல் நின்றார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அறுத்து முடித்து, அணைத்து, பிரேக்கை மிதித்தேன். பிரிந்து விழுந்த பலகையை எடுத்து இவருக்கு முன்னால் பெஞ்சில் வைத்தேன்.

முதுகுக்குப் பின்னால் இருந்த கை தானாக முன்னால் வந்தது. பலகைக்கு ஒரு சாண் மேலே நின்றது. இவர் தன் விரல்களைப் பார்த்தார். நான் பிளேடைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தபோது குல்லாவைக் கழற்றியிருந்தார். பெஞ்சின் மேல் குனிந்து கன்னத்தைப் பலகையில் வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மெதுவாகக் கன்னத்தை நகர்த்திக்கொண்டே போனார்.

"இந்த இடத்துல சொரசொரன்னு கெடக்கு. இங்க வரும்போது அவசரப்பட்டுத் தள்ளியிருக்க" என்றார்.

"என்னங்க இது, முகத்துல சிராய் ஏறிரும். எந்திரிங்க."

"ஏறட்டும்" என்றார், கன்னத்தை எடுக்காமலே. "ஏறுனாத் தெரியும்ல."

நான் அடுத்த பலகைக்குக் கட்டையைத் திருப்பி வைத்தேன்.